கை தெரியாத படம்

பிள்ளைகளை நடக்க வைத்துப் படம் எடுப்பதில் கண்டி டவுனில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது நிரோஷனின் நினைப்பு. அது முழுக்க வெறும் நினைப்பு என்றும் சொல்லிவிட முடியாது. திருகோணமலை வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவனுடைய ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கும்பாபிஷேகம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவான். ஆனால் ஆட்கள் படியேறித் தேடி வந்தது முதலடிப் படத்துக்குத்தான்.

முன்பெல்லாம் பிள்ளை எழுந்து நடந்தால், அரிசி மாவைச் சின்னப் பாதமாகப் பிடித்து, உள்ளே பயறும் சர்க்கரையும் வைத்து அவித்து, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அத்தோடு காரியம் முடிந்தது. இப்போது அந்தக் கொழுக்கட்டையை வைத்தே ஒரு திருவிழா நடக்கிறது. சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் மாவு தூவி, இரண்டு பக்கமும் பாதக் கொழுக்கட்டைகளை அடுக்கி, நடுவில் பிள்ளையை விடவேண்டும். மாவில் சுவடு பதிய அது சிரித்துக்கொண்டே வரவேண்டும். அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பிரின்ட் போட்டு விருந்து நடக்கும் வாசலில் நிறுத்தவேண்டும். வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள்.

நிரோஷன் எடுத்த முதலடிகளில் ஒன்றுகூட முதலடி இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளெல்லாம் இரண்டு வாரமாக வீட்டைச் சுற்றி ஓடிக் கதிரையைக் கவிழ்த்த பிள்ளைகள். தாய் தகப்பனுக்கும் அது தெரியும், விருந்துக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். யாருக்கும் நட்டமில்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ராஜலிங்கம் ஐயா போன் பண்ணியபோதும் அப்படி ஒரு வேலை என்றுதான் நிரோஷன் நினைத்தான். கண்டியில் ஹார்ட்வெயார் கடை, குண்டசாலையில் மாடிவீடு, கோயில் பரிபாலன சபைத் தலைவர். அந்தக் கோயில் மண்டபத்தில் நடக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் எந்தப் போட்டோகாரன் என்பது அவர் வாயில் வருகிற பெயரைப் பொறுத்தது. மூன்று வருஷமாக அந்த வாய் திறக்குமா என்று நிரோஷன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரனுக்கு முதலடி எடுக்கணும் தம்பி. வெள்ளிக்கிழம காலையில வாங்க. ஞாயித்துக்கிழம விருந்து. ஆவணியில மகளுக்குக் கல்யாணம் இருக்கு, அதுவும் உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

நிரோஷன் நின்ற இடத்திலேயே சுவாமிப் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் குண்டசாலை வீட்டு விறாந்தையில் லைட்டை நட்டுவிட்டான். சிவப்புத் துணி, மாவு, கொழுக்கட்டைகள் எல்லாம் தயார். ராஜலிங்கத்தின் மனைவி நல்லம்மா பட்டுச்சேலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை மருமகள் நிஷாந்தினி தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் கிருத்திகன். ஒரு வயதும் பத்து மாதமும். குண்டுக் கன்னம், முன்பல் நாலு, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற சுபாவம். படத்துக்கென்றே பிறந்த முகம் என்று நிரோஷன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

"இறக்கி விடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அவள் இறக்கிவிட்டாள். பிள்ளை அப்படியே மாவில் உட்கார்ந்தது.

நிரோஷன் தன் வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். சாவிக்கொத்தைக் குலுக்கினான். நாய்க்குட்டி மாதிரிக் குரைத்தான். கிலுக்கு மூன்று நிறத்தில் வைத்திருந்தான், மூன்றையும் ஆட்டிப் பார்த்தான். பிள்ளை கைதட்டிச் சிரித்ததே தவிர எழும்பவில்லை. தாய் அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். பிடி தளர்ந்ததும் இடது கால் மடங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து, மாவில் விழுந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் காலை லென்ஸ் வழியாகப் பார்த்தவன் அவன். அந்த இடது கால் வலதை விடக் கட்டையாக இருப்பதும் பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்பதும் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

"அவனுக்கு நிக்க ஏலாதுங்க" என்றாள் நிஷாந்தினி. "இடுப்பு எலும்பு குழிக்குள்ள உக்காரலன்னு டொக்டர் சொல்லியிருக்காரு. வார வியாழக்கிழம..."

"வாய மூடு" என்றாள் நல்லம்மா. குரலை உயர்த்தக்கூட இல்லை. "நல்ல காரியம் நடக்கிற எடத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு."

ராஜலிங்கம் நிரோஷனின் தோளில் கைபோட்டுக் கார் நிற்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போனார். விஷயத்தை மறைக்கவில்லை. இந்த மாதிரி மனிதர்களுக்கு மறைக்கவேண்டிய தேவையே வருவதில்லை. மகளுக்கு மாத்தளையில் பெரிய இடத்துச் சம்பந்தம். பேரனுக்குக் கால் ஊனம், பரம்பரை நோய் என்று யாரோ அங்கே போய் ஓதிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் இரண்டு தடவை போன் பண்ணி, பேரன் நடக்கிறானா என்று விசாரித்துவிட்டாள்.

"ஒப்பரேஷன் செஞ்சா இடுப்புல இருந்து கால் வரைக்கும் மூணு மாசம் பிளாஸ்டர் போட்டு வைப்பாங்களாம். கல்யாண வீட்டுல அந்தக் கோலத்துல புள்ளயப் போட்டு வைக்க முடியுமா? பொம்பளப் புள்ள வாழ்க்க, தம்பி. அவன் கால் எங்க ஓடிப் போகுது? ஆவணி முடியட்டும், பொறகு பாத்துக்கலாம்."

"இப்ப நான் என்னா செய்யணும் ஐயா?"

"மருமக பின்னால நின்னு ரெண்டு கையயும் புடிச்சுக்கட்டும். நீங்க எடுத்துட்டு அவ கைய எடுத்துடுங்க. இப்பத்தான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ செய்றாங்களே."

முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் தலை போகாது, சில கல்யாணங்கள் கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். நிரோஷன் ஒரு நிமிஷம் யோசித்தான். யோசித்தது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தால் கையின் நிழலை அழிப்பது சுலபம் என்பதைப் பற்றி.

"செஞ்சிரலாம் ஐயா" என்றான்.

திரும்பி வந்து லைட்டை இடப்பக்கம் மாற்றினான். நிஷாந்தினியைப் பிள்ளைக்குப் பின்னால் குனிந்து நிற்கச் சொன்னான். அவளுடைய இரண்டு விரல்களைப் பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இடது காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் முகம் சுளித்துச் சிணுங்கியது. "இன்னொரு தடவ" என்றான் நிரோஷன். மாவைச் சமப்படுத்திவிட்டு மறுபடியும் "இன்னொரு தடவ" என்றான். அவனுக்கு வேலை என்று வந்துவிட்டால் இரக்கமெல்லாம் கிட்டே வராது; அதைத் தொழில் பக்தி என்று அவனே சொல்லிக்கொள்வான். பன்னிரண்டாம் தடவை, பிள்ளை அழ வாயைத் திறந்த நேரத்தில், கூரையிலிருந்து ஒரு பல்லி கொழுக்கட்டைமேல் விழுந்தது. பிள்ளை கண்ணில் நீரோடு பொங்கிச் சிரித்தது. அந்த ஒரு நொடியை நிரோஷன் தவற விடவில்லை.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது நிஷாந்தினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாமியார் உள்ளே போய்விட்டாளா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக் கங்காணி வீட்டு நிரோஷன் அண்ணன்தானே? எங்க அண்ணன் சண்முகநாதனோட ஒண்ணாப் படிச்சீங்க. நான் கீழ் லயம்."

நிரோஷன் கண்டிக்கு வந்த நாள் முதல் யாரிடமும் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதில்லை. ராஜலிங்கம் காதில் விழுந்திருக்குமோ என்று வாசலைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

அவள் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு தெளிவு வந்தது. அவளைப் புருஷன் ரமேஸ் விரும்பிக் கட்டினான். கொழுந்தெடுக்கிறவள் மகள் என்று இந்த வீட்டில் நாலு வருஷமாக ஒரு நல்ல வார்த்தை யாரும் பேசியதில்லை. அவன் இப்போது கட்டாரில். இங்கே தன் ஊர்க்காரன் ஒருவன் கையில் தேத்தண்ணியோடு நிற்கிறான். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ரெண்டு வயசுக்குள்ள செஞ்சாத்தான் கால் சரியாகுமாம் அண்ணே. தள்ளிப் போட்டா காலம் பூரா நொண்டிதான்னு டொக்டர் சொல்றாரு. வியாழக்கிழம வார்டுல சேக்கணும். அவரு லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துட்டாரு, புதன்கிழம வாறாரு. ஆனா மாமாவும் அத்தையும் வேணாம் வேணாம்னு அவர் மனசக் கலைக்கிறாங்க. லேட்டா நடக்கிற புள்ள, நான்தான் பைத்தியக்காரி மாதிரிப் பயப்படுறேன்னு சொல்றாங்க. வீடியோ கோல்ல புள்ள விழுறதக் காட்டினேன், சின்னப் புள்ளன்னா விழத்தான் செய்யும்னுட்டாரு."

"உங்க கையெழுத்துல சேக்க முடியாதா?"

"சேக்கலாம். புள்ளயோட படி இறங்கினா திரும்ப ஏறக்கூடாதுன்னுட்டாரு மாமா. பிளாஸ்டர் போட்ட புள்ளய வச்சுக்கிட்டு நான் லயத்துக்கா போறது? அங்க கக்கூசுக்கே மலை இறங்கணும். அவரு பக்கத்துல நின்னா எனக்கு யாருக்கும் பயமில்ல. அதான் இந்தப் படத்த எனக்கும் அனுப்புங்க அண்ணே. என் கை நல்லாத் தெரியிற மாதிரி. நான் புடிக்காம அவன் நிக்க மாட்டான்னு அவரு கண்ணால பாக்கட்டும்."

அந்த நேரத்தில் அவளிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும். நிரோஷனுக்கு இருந்தது.

"சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான்.

அன்று மத்தியானமே வேலையில் உட்கார்ந்தான். முதலில் தாயின் முகம் போனது, பிறகு சேலை, பிறகு தோள். கைகள்தான் கஷ்டம். பிள்ளை அவளுடைய விரல்களை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்தபின் பிள்ளையின் மூடிய கைகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு உயர்ந்து நின்றன. சமநிலைக்காகக் கையைத் தூக்கியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பின்னால் சுவரை நிரப்பினான். மாவில் இழுபட்டிருந்த இடது பாதத்தின் தடத்தை அழித்து, வலது பாதச் சுவட்டைப் புரட்டி ஒட்டி, வரிசையாக ஆறு அடிகள் வைத்தான். கடைசியாக யாரும் கேட்காத ஒரு வேலையும் செய்தான். வெளிப்பக்கம் திரும்பியிருந்த பாதத்தை நேராக்கி, கட்டைக் காலைக் கொஞ்சம் இழுத்து நீட்டினான். டொக்டர்மார் மூன்று மாதம் பிளாஸ்டர் போட்டுச் செய்கிற காரியத்தை அவன் ஒரு சிகரெட் குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டான். எழுந்து நின்று, தள்ளி நின்று, பக்கத்தில் வந்து பார்த்தான். அவன் ஆயுசிலேயே அப்படி ஒரு நல்ல படம் எடுத்ததில்லை. அதைச் சொல்லிக் காட்ட ஒரு ஆளில்லையே என்றுதான் வருத்தப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குண்டசாலை வீடு நிறைந்து வழிந்தது. நுழைகிற இடத்தில் பூமாலை போட்ட சட்டத்துக்குள் கிருத்திகன் நடந்து வந்துகொண்டிருந்தான். மாத்தளையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பாதச் சுவடுகளை விரலால் எண்ணிப் பார்த்தாள். பிறகு நல்லம்மாவைக் கட்டிப்பிடித்து, "சனங்க வாய்க்கு ஒரு பூட்டு இல்ல பாருங்க" என்றாள். கல்யாணம் உறுதியாகிவிட்டது என்பது அந்த ஒரு வசனத்தில் தெரிந்தது. ராஜலிங்கம் தூரத்திலிருந்தே நிரோஷனைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

நிஷாந்தினியை உள்ளறையிலிருந்து இப்போதுதான் கூட்டிவந்தார்கள். பிள்ளைக்குக் கணுக்கால் வரை மூடுகிற பட்டு வேட்டி. விருந்து முடியும்வரை இடுப்பிலிருந்து இறக்கக்கூடாது என்று உத்தரவு. அவள் படத்தின் பக்கம் திரும்பியபோது நிரோஷன் கெமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அதனால் அவள் முகத்தை மிகக் கிட்டத்தில் பார்க்கவேண்டி வந்தது. முதலில் அவள் தன்னைத்தான் தேடினாள். பிள்ளைக்குப் பின்னால், பக்கத்தில், சுவரில் என்று தேடினாள். பிறகு பிள்ளையின் மூடிய கைகளைப் பார்த்தாள். பார்த்ததும் இடுப்பிலிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது பெரிய டிவியில் ரமேஸின் முகம் வந்தது. கட்டாரிலிருந்து வீடியோ கோல். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"காலையில இருந்து இந்தப் படத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ப்பா. ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். என் சாமி நடக்குது! நிஷா, நீ என்னைய எப்பிடிப் பயமுறுத்திட்ட? அப்பா அப்பவே சொன்னாரு. நான் லீவக் கேன்சல் பண்ணிட்டேன். இப்ப வந்துட்டா ஆவணியில தர மாட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மாசமா வாறேன், சரியா?"

கூட்டம் கைதட்டியது.

"பொய்ங்க!" என்றாள் நிஷாந்தினி. "அந்தப் படம் பொய்ங்க. நான் புடிச்சுக்கிட்டு இருந்தேன். என் கைய எடுத்துட்டாங்க..."

ரமேஸ் ஏதோ கேட்க வாயெடுக்குமுன் நல்லம்மா சிரித்துக்கொண்டே டிவியின் சத்தத்தை அணைத்தாள். "புள்ள நடந்த சந்தோசத்துல அவளுக்கு என்னா பேசுறதுன்னே தெரியல" என்றாள். சிலர் சிரித்தார்கள். இரத்தினம்மா சிரிக்கவில்லை. "கையா? என்னா கை?" என்று கேட்டாள்.

ராஜலிங்கம் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "போட்டோகாரத் தம்பி இங்கதானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க. சொல்லுங்க தம்பி, நீங்கதானே எடுத்தீங்க?"

கூட்டம் முழுக்க நிரோஷன் பக்கம் திரும்பியது. டிவியில் சத்தமில்லாமல் ரமேஸும் பார்த்துக்கொண்டிருந்தான். நிஷாந்தினி அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இப்போதாவது சொல்லிவிடுவான் என்கிற நம்பிக்கைதான் இருந்தது. ஊர்க்காரன் என்பதில் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு.

"ஆமாங்க ஐயா, நான்தான் எடுத்தேன்" என்றான் நிரோஷன். "எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. பேரனோட ஒரு குடும்பப் படம் எடுத்துருவோம்."

எல்லாரும் கிட்ட வந்தார்கள். நிஷாந்தினியையும் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். அன்றைக்குக் கோயில் சபையைச் சேர்ந்த இரண்டு பேர் நிரோஷனின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியிருக்கும். ஸ்டூடியோப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிஷாந்தினி நின்றாள். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தாள்.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நிரோஷன் நினைத்தான். சண்டைக்கு வந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை அவனும் பேசி அனுப்பியிருப்பான். அவள் சண்டை போடவில்லை.

"உங்க மேல எனக்குக் கோவமில்ல அண்ணே. பெரிய மனுசங்க சொல்லும்போது உங்களால என்னா செய்ய முடியும்? முதல்ல எடுத்த படத்தக் குடுங்க, அது போதும். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. ஒரு வார்த்தகூட வேணாம், அந்தப் படத்த மட்டும் அனுப்புறேன். என் கை இருந்ததப் பாத்தாருன்னா இன்னைக்கு ராத்திரியே ஏறிருவாரு. நாளன்னைக்குத்தான் வியாழன்."

"அதெல்லாம் அழிச்சாச்சேம்மா" என்றான் நிரோஷன். "வேல முடிஞ்சதும் கார்டக் கிளியர் பண்ணிருவோம். அதுதான் எங்க வழக்கம்."

அது அவன் வழக்கமே இல்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தின கல்யாணத்தின் இலைச் சாப்பாட்டுப் படம்வரை அவன் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது. கிருத்திகனின் நாற்பத்துமூன்று படங்களும், அவள் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து எட்டித் தொடுகிற தூரத்தில், மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தன.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க அண்ணே. ஒண்ணு மாட்டியிருக்கும்."

"இருந்தா தர மாட்டேனா? நம்ம ஊர்ப் புள்ளக்கி நான் அப்பிடிச் செய்வேனா?"

பிள்ளை இதற்குள் அவனை அடையாளம் கண்டுவிட்டது. சாவிக்கொத்து ஆட்டிய மாமா. கையை நீட்டி அவனுடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. நிஷாந்தினி எழுந்து பிள்ளையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இவன் தலையில கை வச்சுச் சொல்லுங்க. நான் போயிர்றேன்."

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கோயிலில் கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன்கூடப் பிள்ளை தலையில் அடித்துப் பண்ணமாட்டான். அது பண்ணியவனை விட்டுவிடும், பிள்ளையைத்தான் பிடிக்கும். ராஜலிங்கத்துக்கு ஒரு போன் போட்டு என்ன செய்வது என்று கேட்கலாமா என்றுகூட நிரோஷனுக்கு ஓடியது. ஆவணிக் கல்யாணம் ஓடியது. நம்பர் வாங்கிய சபைக்காரர்களின் முகம் ஓடியது. இந்தப் படம் வெளியே போனால் அவனால் கண்டியில் கடையைத் திறந்து வைக்க முடியாது. கையை எடுத்து, பிள்ளையின் உச்சியில் வைத்தான். எண்ணெய் தடவிய மெல்லிய முடி. உள்ளங்கையில் பிள்ளையின் சூடு தெரிந்தது.

"சத்தியமா எங்கிட்ட அந்தப் படம் இல்ல" என்றான்.

பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது.

அவள் அவனை அப்படியே நம்பினாள். அதுதான் கொடுமை. ஒரு சந்தேகம், ஒரு சொட்டுச் சந்தேகம் இருந்திருந்தால் அந்த மேசையைக் கவிழ்த்தாவது தேடியிருப்பாள். பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டானே. "மன்னிச்சுக்குங்க அண்ணே, உங்களப் போய் சத்தியம் பண்ண வச்சுட்டேன்" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஜன்னலில் நின்று பார்த்தான். வீதியில் வந்த உடுதும்பர பஸ்ஸை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிற பஸ் அதுதான். ஏறவில்லை. குண்டசாலைப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

நிரோஷனால் உட்கார முடியவில்லை. உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. சிகரெட்டைப் பற்றவைத்து அணைத்தான். சுவாமிப் படத்தைப் பார்க்கவும் கூசியது. பொய்ச் சத்தியம் பண்ணியது அவன். அடி விழப்போவது அந்தப் பிள்ளைக்கு. காய்ச்சல் வருமா, மாடிப்படியில் விழுமா, எந்த ரூபத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே காலும் சரியில்லாத பிள்ளை. அவன் உண்மையாகவே பயந்தான். கண் கலங்கியது. அந்தப் பிள்ளைமேல் அவனுக்கு அவ்வளவு இரக்கம் வந்தது.

ஓடிப்போய் அவளைக் கூப்பிட நேரம் இருந்தது. பஸ் வரவில்லை, ஜன்னலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். அது அவன் புத்திக்கு எட்டவில்லை. எட்டியது வேறொன்று. எட்டியதும் முகம் தெளிந்து, பரபரவென்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கறுப்புப் பெட்டியைத் திறந்து, கிருத்திகன் என்று பெயர் போட்டிருந்த கோப்புறைக்குள் போனான். நாற்பத்துமூன்று படங்கள். எல்லாவற்றிலும் அவள் பிள்ளைக்குப் பின்னால் குனிந்து நின்றாள். எல்லாவற்றிலும் பிள்ளை அவளுடைய விரலைப் பிடித்திருந்தது. பல்லி விழுந்த நேரத்துப் படத்தில் அவளும் சிரித்திருந்ததை இப்போதுதான் கவனித்தான்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து அழித்தான். குப்பைக் கூடைக்குப் போனவற்றை அங்கேயும் போய் அழித்தான். கெமராக் கார்டை இரண்டு தடவை துடைத்தான். எங்காவது ஒரு பிரதி தங்கியிருந்தால் சத்தியம் பொய்யாகிவிடுமே என்று பழைய பென்டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இப்போது அவன் சொன்ன சொல் சொன்னபடி உண்மை.

எழுந்து சுவாமிப் படத்துக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தினான். இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.